வால் அறுந்த பனர் பைல்

வைகாசி பிறந்தால் முல்லைத்தீவு, கிளிநொச்சி அச்சுக் கடைகளில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் பனர் வேலை குவிந்துவிடும். நண்பர் ஒருவர் அம்மனையும் உப்புநீரில் எரியும் விளக்கையும் வைத்து ஒரு பனர் செய்து, நேரே பென் டிரைவில் சேமித்துக்கொண்டிருந்தார். அந்த நொடி பார்த்து கரண்ட் போனது. யூபிஎஸ் பற்றரி செத்து எத்தனையோ மாதம். கரண்ட் வந்ததும் பார்த்தால், பனர் வரையும் மென்பொருளான கோரல் ட்ரோ அந்தப் பைலைத் திறக்கவே மாட்டேன் என்கிறது.

சரி, பழுது எந்த இடத்தில்? 2008இல் வந்த எக்ஸ்4 பதிப்பிலிருந்து கோரலின் சிடிஆர் பைல் என்பது, பல பைல்களை உள்ளே போட்டுக் கட்டிய ஒரு ஸிப் பொதி. பொதிக்குள் எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும். மென்பொருளோ அந்த அட்டவணையைத்தான் முதலில் தேடும். வால் அறுந்துபோனால், உள்ளே சாமான் பத்திரமாக இருந்தாலும் பைலே பழுது என்று கைவிரித்துவிடும்.

நல்ல காலம், உள்ளேயிருக்கும் ஒவ்வொரு பைலுக்கும் முன்னால் ஒரு சிறு முகவரிச்சீட்டு உண்டு. அது ‘பி’, ‘கே’ என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும். ஸிப்பை 1989இல் உருவாக்கிய பில் காட்ஸின் முதலெழுத்துகள். வின்ரார் போன்ற, ஸிப் பிரிக்கும் மென்பொருள்களின் பழுதுபார்க்கும் வசதி முன்னாலிருந்து இந்தச் சீட்டுகளைத் தேடிக்கொண்டே போய்ப் புது அட்டவணை கட்டிவிடும்.

நடுவில் அடிபட்டால்தான் கஷ்டம். இடத்தை மிச்சம்பிடிக்க, ஸிப் ‘இத்தனை பைட் பின்னால் போ, அங்கிருந்து இவ்வளவைப் பிரதி எடு’ என்றே எழுதிவைக்கும். ஓரிடம் கெட்டால் அதை நம்பியிருக்கும் மிச்சமும் குழம்பிவிடும். போட்டோஷொப்பின் பிஎஸ்டி பைல் இதில் தாராளம்: பொதுவாகப் படத்தை வரிவரியாகத் தனித்தனியே சுருக்குவதால், அடிபட்ட வரி ஒரு கீற்றாகத் தெரியும், மிச்சம் பிழைத்துக்கொள்ளும்.

பைலின் அளவு சரியாக இருந்து உள்ளே முழுக்கப் பூச்சியமாக இருந்தால், மீட்க அங்கே எதுவும் இல்லை. அப்புறம் அந்தப் பைலுக்குப் பக்கத்தில் கோரல் வைத்த பழைய பேக்கப்பைத் தேட வேண்டியதுதான். எப்படியானாலும் முதலில் ஒரு பிரதி எடுத்து, அதில்தான் கைவைக்க வேண்டும்.

நண்பரின் பைலைத் திறந்து பார்த்தோம். முதல் இரண்டு எழுத்தும் பிகே. பழுதுபார்த்ததும் பனர் முழுதாக வந்தது. கடைசியில் கிடந்த முன்னோட்டச் சிறுபடம் மட்டும் போய்விட்டது.