என்சைம் அழுக்கை எடுக்கும், கிருமியைக் கொல்லுமா?

பக்கத்து வீட்டு அக்கா ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினார். சாத்துக்குடி, எலுமிச்சைத் தோலில் அவரே செய்த பயோ என்சைம். "இதைப் போட்டுத் துடைச்சா கிருமியெல்லாம் செத்துடும்தானே தம்பி?" என்றார். மருத்துவமனையில் அறுவைக் கருவிகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் இருப்பவன் என்பதால் என்னிடம் அடிக்கடி வரும் கேள்விதான் இது.

எங்களிடம் வரும் கத்தரிக்கோலின் மூட்டுக்குள் ரத்தம் காய்ந்து ஒட்டியிருக்கும். அதை அப்படியே ஆட்டோகிளேவில் (அழுத்தமான நீராவியால் கிருமியைக் கொல்லும் கருவி) வைத்தால் ரத்தம் வெந்து இறுகிவிடும். அதற்கு அடியில் நீராவி சரியாகப் போய்ச் சேராது. அதனால் முதலில் வெதுவெதுப்பான நீரில் கலந்த என்சைம் கரைசலில் ஊறப்போடுவோம். அதிலுள்ள புரோட்டியேஸ் என்ற என்சைம் ரத்தத்தின் புரதத்தையும், லிப்பேஸ் என்ற என்சைம் கொழுப்பையும் துண்டுதுண்டாக்கும். மூட்டைத் திறந்து பிரஷ் போட்டால் பழுப்பு நிறத்தில் கரைந்து வரும். கொதிநீர் கூடாது, என்சைமும் ஒரு புரதம்தான், வெந்தால் வேலை செய்யாது. கிருமி சாவது அதற்குப் பிறகு, 121 அல்லது 134 டிகிரி நீராவியில். பயன்படுத்திய கரைசலை அப்படியே வைத்தால் அதிலேயே பாக்டீரியா பெருகும். உடனே கொட்டிவிடுவோம்.

அக்காவின் பாட்டிலுக்கு வருகிறேன். வெல்லம் ஒரு பங்கு, தோல் மூன்று, தண்ணீர் பத்து, மூன்று மாதம். (கண்ணாடி பாட்டில் வேண்டாம், வாயு சேர்ந்து வெடிக்கலாம். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்துவிடுங்கள்.) பெயர் என்சைம் என்றாலும் அதில் பெரும்பாலும் வேலை பார்ப்பது புளிப்பில் உருவான அமிலம். குழாயில் படிந்த உப்புக்கறை நன்றாகப் போகும். சாக்கடைக்குப் போகும் ரசாயனம் குறையும். தினசரி தரை துடைக்கத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மார்பிளிலும் கடப்பா கல்லிலும் மட்டும் ஊற்றாதீர்கள், அமிலம் அரித்துவிடும்.

ஆனால் வீட்டில் யாருக்காவது வாந்தி பேதி என்றால் இதை நம்பி இருக்க வேண்டாம். கையுறை போட்டு, அசுத்தத்தை எடுத்து, சோப்பு நீரால் கழுவுங்கள். அப்புறம் 5 சதவீத ஹைப்போகுளோரைட் (ப்ளீச் திரவம்) ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். அந்த இடத்தில் தோல் என்சைமை ஊற்றியிருந்தால் தண்ணீர் விட்டு முழுதாக அலசிய பிறகே ப்ளீச். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். ஜன்னல் இல்லாத குளியலறையில் அது நுரையீரலையே பாதிக்கும்.

அக்கா அன்றே பாட்டிலில் பேனாவால் எழுதி ஒட்டிவிட்டார்: "ப்ளீச்சோடு சேர்க்காதே."