எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கும் வங்கிக் கடன்: மகளிர் சுய உதவிக் குழுக்களின் விதிகள்

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கப்பட்டன. பட்டாவும் நகையும் சம்பளச் சான்றும் இல்லாத பெண்ணுக்கு வங்கி கடன் தராது என்ற நிலையை மாற்றிய அந்த முறையே இன்று மாநில ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் தொடர்கிறது. குழுவில் சேர எழுத்தறிவு நிபந்தனை இல்லை. ஒரே பகுதியில் வசிக்கும் 10 முதல் 20 பெண்கள் சேர்ந்து, கூட்டத்தையும் சேமிப்பையும் தவறாமல் நடத்தி, தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்கி, அதை முறையாகத் திருப்பிச் செலுத்தி, கணக்குகளைச் சரியாக எழுதி வந்தால், ஆறு மாதத்தில் வங்கிக் கடனுக்குத் தகுதி பெறுகிறார்கள்.

முதல் கடன், குழுவின் மொத்த நிதியைப் போல் ஆறு மடங்கு அல்லது 1.5 லட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதுவாகும். எடுத்துக்காட்டாக, 12 பேர் மாதம் 200 ரூபாய் வீதம் ஆறு மாதம் சேமித்தால் 14,400 ரூபாய் சேரும். அதன் ஆறு மடங்கு 86,400 ரூபாய்தான் என்றாலும், விதிப்படி 1.5 லட்சம் ரூபாய் கேட்கலாம். அதை ஆளுக்கு 12,500 என்று சமமாகப் பிரிக்க வேண்டிய கட்டாயமில்லை. கறவை மாடு வாங்குபவருக்கு எவ்வளவு, தையல் இயந்திரம் வாங்குபவருக்கு எவ்வளவு என்பதைக் குழுவே கூடித் தீர்மானிக்கலாம்.

பத்து லட்சம் ரூபாய் வரையிலான குழுக் கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது, டெபாசிட் போடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது, குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கி வைக்கவும் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. படிக்காத உறுப்பினர்களிடம் இதை எடுத்துச் சொல்ல ஆளில்லாததாலேயே உரிமை பல இடங்களில் கைநழுவிப் போகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

கணக்கு எழுதுவதில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். படிக்கத் தெரிந்த ஒருவரிடமே எல்லா நோட்டுகளும் சேர்ந்துவிட்டால், மற்றவர்கள் கைநாட்டு வைப்பதோடு நின்றுவிடுவார்கள். ஆகவே தீர்மான நோட்டில் எழுதியதையும், அன்று கட்டிய சேமிப்பையும், ஒவ்வொருவரின் கடன் நிலுவையையும் கூட்டம் கலையும் முன் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்று எந்த உறுப்பினரும் கேட்கலாம். பாஸ்புக்கை அவரவரே வைத்துக்கொள்ள வேண்டும்.

நுண்நிதி நிறுவனங்கள் வீட்டு வாசலில் வந்து தரும் கடனையும் ஊரில் ‘குழு லோன்’ என்றே சொல்வதால் ஏற்படும் குழப்பம் பெரிது. வாழ்வாதார இயக்கக் குழுவுக்கு 3 லட்சம் ரூபாய் வரை வங்கி வட்டி ஆண்டுக்கு 7 சதவீதம். நுண்நிதிக் கடனிலோ வட்டி பெரும்பாலும் 20 சதவீதத்தைத் தாண்டும். கடன் பத்திரத்தில் கைநாட்டு வைக்கும் முன், கடன் கொடுப்பது யார், ஆண்டு வட்டி எத்தனை சதவீதம் என்ற இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வங்கி மறுத்தாலோ அலைக்கழித்தாலோ, ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் வழியாகவோ நேரடியாகவோ மாவட்டத்தின் மகளிர் திட்ட அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாக முறையிடலாம்.