காய்ந்த குட்டையைக் காலி மனை என்று நினைக்காதீர்கள்

"தண்ணீரே இல்லாத இடத்தில் இறால் எங்கிருந்து வரும்?" அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள சான் டியேகோ வட்டாரத்தில், மழைக்குட்டைகளில் வாழும் அரிய தேவதை இறாலைத் தேடி மனை ஆய்வுக்குப் போகும்போதெல்லாம் இதே கேள்விதான். இந்தக் கோடையிலும் ஒரு குட்டையை, நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மண் கொட்டிச் சமப்படுத்திவிட்டார்கள். கேட்டால், "காய்ந்துதானே கிடந்தது" என்கிறார்கள்.

காய வேண்டும், அதுதான் விஷயமே! வற்றாத குளத்தில் மீன் வந்துவிடும். உடலை மூட ஓடுகூட இல்லாத, ஓர் அங்குலத்தையும் எட்டாத சான் டியேகோ தேவதை இறால் அங்கே பிழைக்காது. குளிர்கால மழைத் தண்ணீர் சில வாரம் நின்றால் அதற்குப் போதும். பொரித்து, வளர்ந்து, முட்டையிட்டு முடித்துவிடும். ஆண்டின் மிச்ச மாதங்கள் முழுக்க அந்த இனம் மண்ணுக்குள் முட்டையாகவே இருக்கிறது. ஒரே மழைக்கு எல்லாம் பொரிப்பதும் இல்லை. ஒரு பங்கு அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு மிஞ்சும். கோடையில் மேல்மண்ணைச் சுரண்டினால் பல ஆண்டுச் சேமிப்பும் சேர்ந்து போகிறது. அடியில் தண்ணீரைத் தாங்கும் கெட்டிக் களிமண்ணையும் உடைத்துவிட்டால் குட்டையே இல்லை. இந்த மாவட்டத்தில் இத்தகைய குட்டைகளில் 95 விழுக்காட்டுக்கு மேல் ஏற்கெனவே அழிந்துவிட்டன.

"எல்லாம் ஒரே இறால்தானே, வேறு குட்டை மண்ணைக் கொண்டுவந்து போடுகிறோம்" என்பார்கள் சிலர். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஆனால் இது இன்னும் ஆபத்து. சான் டியேகோ தேவதை இறால் (அறிவியல் பெயர் பிராங்கினெக்டா சாண்டியேகோனென்சிஸ்) தனி இனம் என்று 1993இல்தான் விவரிக்கப்பட்டது. 1997இல் அமெரிக்க மத்திய அரசின் அழியும் நிலை உயிரினப் பட்டியலில் சேர்ந்தது. இதன் நெருங்கிய உறவான பிராங்கினெக்டா லிண்டாலி மேற்கு அமெரிக்காவில் பரவலாக வாழ்வது, சிதைந்த குட்டையிலும் சமாளிப்பது. இரண்டும் கலந்து கலப்பினம் உருவாகிறது. உங்கள் கைப்பிடி மண்ணில் லிண்டாலி முட்டை இருந்தால், அரிய இனம் அந்தக் குட்டையில் மெல்லக் கரைந்துவிடும். முட்டையைக் கண்ணால் பார்த்துப் பிரிக்கவும் முடியாது. வளர்ந்த ஆணின் இரண்டாம் உணர்கொம்பு, பெண்ணின் முட்டைப்பை இவற்றை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், சந்தேகம் என்றால் மரபணுச் சோதனை. ஒரு புகைப்படத்தை அனுப்பி இனம் கேட்காதீர்கள், தயவுசெய்து.

சரி, செய்ய வேண்டியது இதுதான். மனையில் பள்ளம் இருந்தால் இயந்திரம் இறங்குமுன் ஆய்வாளரைக் கூப்பிடுங்கள். மழைக்காலம், வறண்ட காலம் இரண்டிலும் பார்க்கவிடுங்கள். வண்டித் தடத்துப் பள்ளத்தைக்கூட விட்டுவிடாதீர்கள், இந்த இறால் அங்கேயும் கிடைக்கும். வலை போட்டுப் பிடித்துப் பார்க்காதீர்கள், அனுமதி இல்லாமல் அது குற்றம். ஈர மண்ணில் பைக் ஓட்டாதீர்கள். ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் செருப்பிலும் சக்கரத்திலும் ஒட்டிய சேற்றை அங்கேயே சுரண்டிவிட்டுக் கிளம்புங்கள்.