கால்நடை என்றால் கோழியும் சேர்த்தியா?

இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்த சமயம். கையில் டேப்லட்டோடு ஒரு தம்பி ஈரோட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அப்பத்தாவிடம், "பாட்டி, உங்க வீட்டுல கால்நடை எத்தனைங்க?" என்றார்.

"கால்நடையா எங்கெ சாமி போறோம், இப்பெல்லாம் பழனிக்கே பஸ்சுலதான்" என்றாள் அப்பத்தா.

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆடு மாடு எத்தனைன்னு கேக்கறனுங்க."

"அப்பிடிக் கேளு. எருமை ஒண்ணு, மாடு ரெண்டு உருப்படி, வெள்ளாடு அஞ்சு. கோழியுமா எழுதோணும்?"

அப்பத்தா புரிந்துகொண்டதில் தப்பே இல்லை. கால்நடை என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் காலால் நடப்பதுதான். 'கால்நடையாகவே மதுரைக்குப் போனார்' என்று எழுதினால் இன்றும் யாருக்கும் குழப்பம் வராது. நடை என்பது தொழிற்பெயர். நடக்கும் தொழிலின் பெயர், நடக்கிற உயிருக்கு ஆகி வந்திருக்கிறது. இலக்கணத்தில் இதற்குத் தொழிலாகுபெயர் என்று பெயர். 'பொங்கல் சாப்பிட்டேன்' என்கிறோமே, அதில் பொங்குகிற தொழில் சோற்றுக்குப் பெயரானது போல.

பாலக்காடு தாண்டினால் இதே சொல் வேறு வழியில் போகிறது. மலையாளத்தில் கால்நட என்றால் பொதுவாகப் பாதசாரி நடைதான். ஆடுமாடுகளுக்கு அங்கே கன்னுகாலி என்று பெயர். நம்மிடமும் கன்றுகாலி உண்டு, காலி என்றால் மாட்டுக்கூட்டம். ஆனால் அந்தச் சொல்லை நாம் அநேகமாகக் கைவிட்டுவிட்டோம். அவர்களுடைய மாட்டு ஆஸ்பத்திரி வாசலில் 'மிருகாசுபத்திரி' என்று போர்டு இருக்கும். இலங்கைத் தமிழில் மிருக வைத்தியர் என்ற வழக்கும் உண்டு. தமிழ்நாட்டுக்காரர்கள் காதில் மிருகம் என்றால் புலியும் கரடியும்தான் வருவதால், மிருக வைத்தியர் என்றதும் வண்டலூர்தான் ஞாபகம் வரும். கன்னடத்தில் ஜானுவாரு என்கிறார்கள். பாரசீகத்து ஜான்வர், அதாவது உயிருள்ளது என்ற சொல்லிலிருந்து வந்தது அது.

சரி, ஆடுமாட்டை எதற்காக 'நடப்பது' என்று சொல்ல வேண்டும்? பாம்பும் மீனும் தவிர எல்லாம்தானே நடக்கிறது? எனக்குத் தோன்றுவது இது. குடியானவன் சொத்தில் நிலம், வீடு, கிணறு எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். காலை எழுந்து மேயப் போய், சாயங்காலம் தானாக வீடு திரும்புகிற சொத்து இது ஒன்றுதான். அசையும் சொத்து என்று பத்திரத்தில் எழுதுகிறோம். இது அசைவதோடு நிற்காமல் நடந்தே போய்விடும்.

ஆங்கிலத்து லைவ்ஸ்டாக்கிலும் சொத்துக் கணக்கு இருக்கிறது, ஆனால் அது கடைக்காரர் கணக்கு. ஸ்டாக் என்றால் ஆதியில் மரத்தின் அடிக்கட்டை, பிறகு கையிருப்பு. லைவ் சேர்ந்ததும் உயிருள்ள கையிருப்பு ஆயிற்று. அவர்களுடைய கேட்டில் என்ற சொல்லும் இப்படித்தான். லத்தீனில் தலைமுதல், மூலதனம் என்ற பொருள் கொண்ட கேபிடாலேயின் வழியில் வந்தது. மாட்டையும் முதலீட்டையும் ஒரே வேரில் கட்டி வைத்திருக்கிறார்கள்.

இன்னும் ஒரு படி உள்ளே போனால் நம் வீட்டுச் சொல்லே வருகிறது. லத்தீனில் பெக்குஸ் என்றால் ஆடுமாடு. பணத்துக்குப் பெகூனியா என்ற பெயர் அதிலிருந்து வந்தது. பெக்குஸுக்கு உடன்பிறப்பு சமஸ்கிருதத்துப் பசு. அங்கே பசு என்றால் கட்டி வளர்க்கிற எந்த விலங்கும். ஆடும் பசுதான், குதிரையும் பசுதான். ஆந்திராவில் கால்நடைத் துறையைப் பசு சம்வர்த்தக சாகை என்பது இந்தப் பரந்த பொருளில். தமிழுக்கு வந்தபோது பொருள் சுருங்கிப் பால் கறக்கிற மாட்டோடு நின்றுவிட்டது. சைவ சித்தாந்தத்தில் மட்டும் பழைய பொருளின் வாசனை அப்படியே இருக்கிறது. பதி, பசு, பாசம் என்பதில் பாசம் என்றால் கயிறு, உயிர் அந்தக் கயிற்றில் கட்டுண்ட பசு, பதி அதன் உடையவன். கட்டுத்தரையில் நின்று யோசித்த தத்துவம்.

தமிழில் மாட்டையும் செல்வத்தையும் சேர்க்க லத்தீன் வரை போக வேண்டியதில்லை. 'கேடில் விழுச்செல்வம் கல்வி யொருவற்கு மாடல்ல மற்றை யவை' என்ற 400-ஆம் குறளில் மாடு என்றால் செல்வம். கல்வி தவிர மற்றவை எதுவும் செல்வமல்ல என்கிறார். பள்ளியில் படிக்கும்போது, 'மாடு அல்ல' என்று வள்ளுவர் ஏன் திடீரென்று மாட்டை இழுக்கிறார் என்று யோசித்தது நினைவிருக்கிறது. 'கால்நடைச் செல்வம்' என்று மேடைகளில் இப்போது பேசுகிறார்கள். மாடு என்ற ஒரு சொல்லே அந்த இரண்டையும் சொல்லிக்கொண்டிருந்தது.

செல்வம் என்றால் திருட்டும் இருக்கும். சங்க இலக்கியத்தில் வெட்சி, கரந்தை என்று இரண்டு திணை பிரித்ததே மாட்டை ஓட்டிக்கொண்டு போவதற்கும் மீட்டு வருவதற்கும்தான். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகல்லில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் 'கூடல் ஊர் ஆகோள்' என்று இருக்கிறது. ஆகோள் என்றால் ஆவைக் கொள்ளுதல், மாடு கவர்தல். அதில் இறந்தவனின் பெயரைச் சொல்லும் கல் அது. செங்கம் பகுதி நடுகற்களில் இன்னொரு சொல் வரும்: தொறு. 'தொறு மீட்டுப் பட்டான்' என்றால் மாட்டுமந்தையை மீட்டு அந்தச் சண்டையில் செத்தான். ஆநிரை, ஆயம், தொறு என்று மந்தைக்கே இத்தனை சொல் இருந்தும் ஆடு, மாடு, பன்றி, கழுதை அத்தனைக்குமான பொதுச்சொல்லாக இவை வரவில்லை. ஆ மட்டும் இன்று பால் பாக்கெட்டில் தப்பிப் பிழைத்திருக்கிறது. ஆவின் என்றால் 'பசுவினுடைய' என்று பொருள். தினமும் கையில் வாங்குகிறோம், யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை, பாக்கெட்டைத் தவிர.

பொதுச்சொல்லைவிட, வகை பிரித்துச் சொல்வதில்தான் பழைய தமிழுக்கு ஆசை அதிகம். தொல்காப்பிய மரபியலைப் பாருங்கள். குட்டி, கன்று, மறி, பறழ் என்று இளமைப் பெயர்கள் தனி, ஆண்பெயர்கள் தனி, பெண்பெயர்கள் தனி. 'மோத்தையும் தகரும் உதளும் அப்பரும் யாத்த என்ப யாட்டின் கண்ணே' என்று ஆட்டுக்கிடாய்க்கு மட்டும் நாலு பெயர் சொல்கிறது. அப்பர் ஆட்டுக்கிடாய்க்கும் பெயர் என்பது தேவாரம் படிப்பவர்களைக் கொஞ்சம் திடுக்கிட வைக்கும்.

அந்தப் பழக்கம் ஊரில் இன்னும் விடவில்லை. மாட்டுச் சந்தையில் யாராவது 'ஒரு மாடு வேண்டும்' என்று கேட்டால் அவருக்கு மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று தரகருக்குப் புரிந்துவிடும். கிடேரியா, கறவையா, சினை மாடா, வறட்டு மாடா, உழவுக்கா, வண்டிக்கா, பொலிகாளையா என்று கேட்டுத்தான் அடுத்த பேச்சு. வயதை யாரும் வருடத்தில் சொல்வதில்லை. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழ்த்தாடையில் பால்பல் விழுந்து நிலைப்பல் ஜோடி ஜோடியாக முளைக்கும். இரண்டு வயதை ஒட்டி முதல் ஜோடி. அதனால் 'பல் போடாதது', 'ரெண்டு பல்', 'நாலு பல்', 'ஆறு பல்' என்பதே வயதுக் கணக்கு. மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, உதட்டைக் கட்டைவிரலால் ஒதுக்கி ஒரு நொடி பார்ப்பார்கள், அவ்வளவுதான். அப்புறம் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேச்சு. எண்ணும்போது ஆங்கிலத்தில் தலை எண்ணுவார்கள். நாம் எண்ணுவது உருப்படி. அப்பத்தா சொன்னாளே, அந்த உருப்படி. துணி வெளுக்கிறவரும் இதே சொல்லால்தான் எண்ணுவார்.

நோய்ப்பெயர்களும் இப்படித்தான். கோமாரி, அடைப்பான், தொண்டை அடைப்பான், சப்பை நோய், ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி. பேரைக் கேட்டாலே எங்கே பிடிக்கும், எப்படிச் சாகும் என்று தெரிந்துவிடும். சப்பை நோய் தொடைச் சப்பையை வீங்க வைக்கும். தொண்டை அடைப்பான் தொண்டையை வீங்க வைத்து மூச்சை அடைக்கும். துள்ளுமாரி வந்த குட்டி துள்ளி விழுந்து சாகும். வெக்கை நோய் மட்டும் இனி அகராதிக்குப் போக வேண்டிய சொல். 2011-ல் உலகத்திலிருந்தே அதை ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் முழுதாக ஒழித்த இரண்டாவது நோய் மாட்டுநோய்தான்.

ஆக, இத்தனை நுணுக்கமான சொற்களுக்கு நடுவே கால்நடை என்பது அலுவலகம் வளர்த்த சொல். துறைக்கு, கல்லூரிக்கு, காப்பீட்டுப் படிவத்துக்கு ஒரு பொதுப்பெயர் தேவைப்பட்டது. சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கியது. 1989-ல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் வந்தது. ஊரில் இன்றைக்கும் கால்நடை மருத்துவமனை மாட்டாஸ்பத்திரி, கால்நடை மருத்துவர் மாட்டு டாக்டர். ஆட்டைத் தூக்கிக்கொண்டு போனாலும் மாட்டு டாக்டர்தான்.

லைவ்ஸ்டாக்குக்குச் சரியான தமிழ் எது என்று கேட்டால் கால்நடை என்றே சொல்வேன். சுத்தமான சொல், கூட்டுச்சொல் செய்யவும் வாகானது. வளர்ப்பு விலங்கு என்றால் நாயும் பூனையும் உள்ளே வந்துவிடும். வீட்டு விலங்கு பாடப்புத்தகத்தோடு சரி. உயிரிருப்பு என்று நேராகப் பெயர்த்த ஒன்றை ஒரு கட்டுரையில் பார்த்தேன், ஏதோ மருத்துவமனை அறிக்கை போல இருந்தது.

அனிமல் சயின்ஸ்தான் தொல்லை. ஒரு பாடநூல் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கக் கொடுத்தார்கள். அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை 'விலங்கியல்'. விலங்கியல் என்றால் ஜுவாலஜி. அதில் கரப்பான்பூச்சியும் தவளையும் வரும். இந்தப் புத்தகத்தில் இருந்ததோ தீவனம், இனவிருத்தி, கொட்டகை பராமரிப்பு, பால், இறைச்சி, கம்பளி. 'விலங்கு அறிவியல்' என்று மாற்றலாம் என்றார் ஒருவர். விலங்கு என்பதற்குக் குறுக்கு என்று ஒரு பொருள் உண்டு. மனிதன் நிமிர்ந்து நிற்க, உடம்பு குறுக்காகக் கிடப்பதால் அந்தப் பெயர் என்று விளக்குவார்கள். அந்தக் கணக்கில் புலியும் விலங்கு, பசுவும் விலங்கு. வளர்க்கிறோம் என்ற பொருள் அதில் எங்கும் இல்லை. நான் 'கால்நடை அறிவியல்' என்று எழுதிக் கொடுத்தேன். உள்ளே செயற்கை முறைக் கருவூட்டலை முதல் முறை மட்டும் அப்படியே விட்டு, பிறகு வந்த இடங்களில் சினை ஊசி என்று போட்டேன். தலைப்பை ஏற்றுக்கொண்டார்கள். சினை ஊசியை அடித்துவிட்டார்கள், கொச்சையாம்.

கொச்சை என்று ஒதுக்குகிற இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. மாடு கடித்த புல்லைச் சரியாக மெல்லாமல் முதலில் விழுங்கிவிடும். அது போய்ச் சேரும் முதல் அறைக்கு ரூமென் என்று பெயர், வளர்ந்த மாட்டுக்கு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அதிலிருக்கும் நுண்ணுயிர்கள்தான் வைக்கோலைக்கூட உணவாக்குகின்றன. சாவகாசமாகப் படுத்தபிறகு உருண்டை உருண்டையாக மேலே கொண்டுவந்து மெல்லும். இதற்கு அசை போடுதல் என்று பெயர், செய்யுளுக்கு உறுப்பான அசையும் இதே ஒலிதான். மாடு சோர்ந்து நின்றால் அப்பத்தா முதலில் கேட்பது 'அசை போடுதா?' மாட்டு டாக்டர் வந்து, இடது பக்கம் விலாவுக்குப் பின்னாலிருக்கும் பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்துக்கொண்டு காத்திருப்பார். நிமிடத்துக்கு ஒரு தரமோ இரண்டு தரமோ வயிறு உருண்டு கையைத் தள்ள வேண்டும். அப்படி வைத்துக்கொண்டே அவரும் கேட்பது அதே கேள்விதான்.

கோழி விஷயத்துக்கு வருவோம். 2019-ல் வெளியான கணக்கெடுப்பின்படி நாட்டில் கால்நடை 53.58 கோடி. இதில் மாடு 19.25 கோடி, வெள்ளாடு 14.89 கோடி, எருமை 10.99 கோடி, செம்மறி 7.43 கோடி. மீதியில் பன்றி, குதிரை, கழுதை, ஒட்டகம், மிதுன், யாக் எல்லாம் அடக்கம். கோழியினம் 85 கோடிக்கு மேல் இருந்தும் தனிக் கணக்கு. இரண்டு காலால் நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்கிற கோழி கால்நடை இல்லை, வருஷத்தில் பாதி நாள் கட்டுத்தறியில் கட்டிக் கிடக்கிற எருமை கால்நடை.

தம்பி அன்றைக்குக் கோழியையும் கேட்டு எழுதிக்கொண்டார். எத்தனை என்று அப்பத்தாவுக்குச் சரியாகத் தெரியவில்லை. "பொழுது எறங்கட்டும் சாமி, பஞ்சாரத்துல அடைக்கறப்ப எண்ணிச் சொல்றேன்" என்றாள். அதுவரை காத்திருக்க அவருக்கு நேரமில்லை, பதினொன்று என்று அவராகவே போட்டுக்கொண்டு போய்விட்டார்.