1906-இல் பறந்த பந்தும் அதன் மூக்கும்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச் பார்த்தேன். எறியும்போது பந்தின் மூக்கு வானத்தைப் பார்க்கிறது, இறங்கும்போது தரையைப் பார்க்கிறது. வேகமாகச் சுற்றுகிற பொருள் தன் அச்சின் திசையை மாற்றாது என்றுதானே பள்ளியில் படித்தோம்? அப்புறம் எப்படி மூக்கு குனிகிறது?" (அந்தப் பந்து உருண்டை இல்லை, இரண்டு முனையும் கூர்ந்து நீளமாக இருக்கும்; பறக்கும்போது முன்னால் இருக்கிற முனைதான் மூக்கு.) இவ்வளவு நல்ல கேள்வி வந்து ரொம்ப நாளாகிறது. ஆனால் பதிலுக்கு முன்னால், இந்த மாதிரி எறிவதை ஒரு கல்லூரி அணி முதன்முதலில் ஆயுதமாக்கிய சீசனைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது.

1905 வரை அந்த ஆட்டத்தில் பந்தை முன்னால் எறியவே கூடாது. கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கும்பலாக முட்டி மோதிப் போவார்கள். அந்த ஒரு வருடத்தில் மட்டும் ஒரு டஜனுக்கு மேற்பட்ட பையன்கள் செத்தே போனார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களைக் கூப்பிட்டுப் பேசினார். 1906-இல் விதி மாறியது: முன்னால் எறியலாம், ஆனால் யார் கையிலும் படாமல் பந்து தரையில் விழுந்தால் அது எதிரணிக்குப் போய்விடும். இந்தத் தண்டனைக்குப் பயந்தே பெரிய கல்லூரிகள் பலவும் எறிவதைத் தொடவில்லை.

செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் கோச் எடி கோச்செம்ஸ் பயப்படவில்லை. அந்தக் கோடையில் பையன்களை விஸ்கான்சினில் பியூலா ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய், வேறு வேலையே வைக்காமல் எறியப் பழக்கினார். அன்றைய பந்து இப்போதையதைவிடக் குண்டு, ஒரு கைக்குள் அடங்காது. அதனால் முனைக்குப் பக்கத்தில், பந்து ஒல்லியாகும் இடத்தில் இருக்கிற தையல் கயிற்றில் விரல்களைக் கொடுத்து, மணிக்கட்டை முறுக்கி விடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பிராட்பரி ராபின்சன் என்ற மாணவர் ஓடிவந்து, தன்னால் 40 கெஜம் எறிய முடிகிறது என்று கத்தியதாகக் கோச் பின்னாளில் சொல்லியிருக்கிறார். செப்டம்பர் 5 அன்று கேரல் கல்லூரிக்கு எதிராக ராபின்சன் எறிந்த முதல் பந்து தரையில் விழுந்து எதிரணிக்குப் போனது. அதே மேட்ச்சில் மறுபடி எறிந்தார், ஜாக் ஷ்னைடர் பிடித்து டச்டவுன், அதாவது எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது. சீசன் முடிவில் 11 மேட்ச், 11 வெற்றி. அவர்கள் எடுத்தது 407 புள்ளி, கொடுத்தது 11. இதைக் கைராசி என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஏரிக்கரையில் ஒரு கோடை முழுக்க முறுக்கிப் பழகியதற்குப் பெயர் ராசி இல்லை.

சரி, மூக்குக்கு வருவோம். நிறையப் பேர் சொல்கிற பதில், "அம்பு மாதிரி காற்று திருப்பிவிடுகிறது" என்பது. அது தப்பு. அம்புக்குப் பின்னால் இறகு இருக்கிறது, காற்று வாலைப் பிடித்துத் தள்ளி அம்பை நேராக்கும். இந்தப் பந்துக்கு இறகு ஏது? இதில் காற்றின் தள்ளல் நிறை மையத்துக்கு முன்னால், மூக்குப் பக்கம் விழுகிறது. பந்து வளைந்து இறங்கத் தொடங்கியதும் எதிர்காற்று மூக்குக்கு அடியில் அடித்து அதை இன்னும் மேலே தூக்கத்தான் பார்க்கும். சுழலாத பந்து அப்படியே குட்டிக்கரணம் போட்டுவிடும்.

ஆனால் சுழல்கிற பொருளைத் தள்ளினால் அது தள்ளின பக்கம் போகாது, குறுக்கே போகும்! பம்பரத்தைப் பாருங்கள், பூமி கீழே இழுக்கிறது, அதுவோ விழாமல் தலையைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. இதைக் கையிலேயே உணர வேண்டுமானால், சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி, அச்சின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, யாரையாவது வேகமாகச் சுற்றிவிடச் சொல்லி, ஒரு கையை மட்டும் உயர்த்திப் பாருங்கள். சக்கரம் மேலே வராமல் பக்கவாட்டில் திமிறிக்கொண்டு போகும். நான் முதன்முதலில் செய்தபோது சக்கரத்துக்கு உயிர் வந்துவிட்டது மாதிரி இருந்தது.

அதேதான் பந்திலும். வலது கைக்காரர் எறிந்தால், பின்னாலிருந்து பார்க்க, பந்து கடிகார முள் திசையில் சுற்றும். காற்று மூக்கை மேலே தள்ளுகிறது, மூக்கு வலப்பக்கம் போகிறது. இப்போது காற்று அதன் இடக் கன்னத்தில் அடித்து இன்னும் வலப்பக்கம் தள்ளப் பார்க்கிறது, மூக்கோ கீழே போகிறது! இப்படியே, பந்து எந்தத் திசையில் பறக்கிறதோ அந்தத் திசையைச் சுற்றி மூக்கு சின்ன வட்டம் போடுகிறது. பறக்கும் திசை கீழே சாயச் சாய வட்டத்தின் நடுவும் கூடவே சாய்கிறது, மூக்கும் பின்னாலேயே குனிகிறது. கவிழ்க்க வந்த அதே காற்றுதான் மூக்கைப் பாதையோடு குனியவைக்கிறது. காற்றே இல்லாத இடத்தில் எறிந்தால் நீங்கள் பள்ளியில் படித்ததுதான் நடக்கும்: மூக்கு கடைசிவரை வானத்தைப் பார்த்தபடி, பந்து வாலை ஊன்றி இறங்கும்.

துப்பாக்கித் தோட்டாவுக்கும் பீரங்கிக் குண்டுக்கும் இந்தக் கணக்கை எப்போதோ போட்டுவிட்டார்கள். பந்துக்கு இதை எளிமையாகத் தெளிவுபடுத்தி பிரைஸ், மாஸ், கே என்ற மூன்று இயற்பியலாளர்கள் கட்டுரை எழுதியது 2020-இல்தான். குண்டுக்கு எப்போதும் பணம் இருக்கிறது, "பந்து ஏன் குனிகிறது" என்று கேட்கிறவரிடம் மட்டும் "இதனால் என்ன பயன்" என்று கேட்கிறார்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த மாதிரிக் கேள்விகளுக்கும் கொஞ்சம் நிதி ஒதுக்க வேண்டும்.

இன்னொன்று. மூக்கு எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே வட்டம் போடுவதால், சராசரியாகப் பார்த்தால் வலப்பக்கமாகச் சற்றே திரும்பியிருக்கும், பந்தும் அந்தப் பக்கம் லேசாக ஒதுங்கும். ஸ்டீவ் யங் மாதிரி இடது கைக்காரர் எறிந்த பழைய மேட்ச் கிடைத்தால், பின்னாலிருந்து எடுத்த காட்சியில் பாருங்கள். அவருக்கு எல்லாமே இடப்பக்கம்.