பெயெல்செபூல்: ஈக்களின் ஆண்டவன்

தமிழ் வேதாகமத்தில் மத்தேயு 12:24இல் வரும் பெயர் இது. பிசாசுகளின் தலைவன் என்று பொருள்படும்படி அங்கே நிற்கிறது. வில்லியம் கோல்டிங் 1954இல் வெளியிட்ட 'லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்' நாவலுக்கு, இந்தப் பெயரின் பழைய ஏற்பாட்டு வடிவமான பாகால்சேபூபை ஆங்கிலத்தில் பெயர்த்துத்தான் தலைப்பிட்டார்கள்.

சொல் எபிரேயம். பாகால் என்றால் உடையவன், தலைவன். கணவனுக்கும் அதே சொல்தான். சேபூப் என்றால் ஈ. மேல்வீட்டுக் கிராதி வழியாக விழுந்து படுத்த அகசியா ராஜா, பிழைப்பேனா என்று கேட்டுவர ஆளனுப்பியது பெலிஸ்தர் நகரமான எக்ரோனின் தெய்வமான பாகால்சேபூபிடம் (2 இராஜாக்கள் 1:2). பெலிஸ்தர் தங்கள் சாமிக்குப் போயும் போயும் ஈயின் பெயரையா வைத்திருப்பார்கள்? 'மேன்மை மிக்க தலைவன்' என்று பொருள்படும் பாகால்சேபூல்தான் அசல் பெயர், இஸ்ரவேலர் கேலியாகக் கடைசி எழுத்தைத் திரித்துவிட்டார்கள் என்கிறார்கள் ஆய்வாளர் பலர். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் 'ல்' இருப்பது அதற்கு வலு.

கோல்டிங் எடுத்துக்கொண்டது அந்தக் கேலிப் பெயரை. ஆளில்லாத தீவில் சிக்கிய பள்ளிப் பையன்கள், சங்கு யார் கையிலோ அவனே பேசலாம் என்று முறை வகுத்துக்கொண்டு ஒழுங்காகத்தான் தொடங்குகிறார்கள். பிறகு ஜாக்கின் கூட்டம், குட்டிகளோடு படுத்திருந்த தாய்ப்பன்றியைக் குத்திக் கொன்று, இரு முனையும் கூராக்கிய கழியில் அதன் தலையைச் செருகி, கண்ணால் காணாத 'மிருக'த்துக்குப் படையலாக நட்டுவிட்டுப் போகிறது. குடலில் மொய்த்த ஈக்கள் எதிரே உட்கார்ந்திருக்கும் சைமன் மேலும் வந்து உட்காருகின்றன. நாவல் 'லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்' என்று அழைக்கும் அந்தத் தலை, அவன் மயக்கத்தில் பேசுகிறது: மிருகம் வேட்டையாடிக் கொல்லக்கூடியது அல்ல, உங்களுக்குள்ளேயே இருப்பது. அன்றிரவே அவனையே மிருகமென்று நினைத்து அடித்துக் கொல்கிறார்கள். வட்டத்தில் ரால்ஃபும் இருந்தான், பிக்கியும் இருந்தான். கள்ளமின்மை போய்விட்டதே என்று கடைசியில் ரால்ஃப் அழும்போது அவன் கையும் சுத்தமில்லை.

தமிழில் எப்படிச் சொல்வது? 'ஈக்களின் அரசன்' பிழையில்லை. ஆனால் படையல் வாங்கும் சாமி அதில் இல்லை. நாயகன், தலைவனையும் கணவனையும் ஒருசேரக் குறிப்பதால் பாகாலுக்கு அச்சாகப் பொருந்தும். என்ன செய்வது, சினிமா அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. என் தேர்வு 'ஈக்களின் ஆண்டவன்'. ஆளுகிறவனும் அவன்தான், கும்பிடு வாங்குகிறவனும் அவன்தான். வேதாகம மேற்கோளில் மட்டும் பெயெல்செபூல் என்றே விட்டுவிடலாம்; அங்கே அது சிறப்புப் பெயர்.