மூடில் தளத்தில் தடங்கலா? தொலைக்கல்வி மாணவர் கேட்டுப் பெறக்கூடியவை

நாவலையில் இயங்கும் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் பாடம், ஒப்படை, வினாத்தாள் என்று பலவும் மூடில் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளத்தின் வழியாக நடக்கின்றன. "தளம் சரியில்லை" என்று முறையிட்டால் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும். எந்த அமைப்பை மாற்றவேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அவற்றில் பலவற்றை விரிவுரையாளரே சில நிமிடங்களில் மாற்றிவிடலாம்.

அதிகம் பேர் புள்ளி இழப்பது ஒப்படையில். சில பாடநெறிகளில் கோப்பை ஏற்றியபிறகு சமர்ப்பிக்கும் பொத்தானை இன்னொரு முறை அழுத்தவேண்டும். அழுத்தாவிட்டால் அது வரைவாகவே கிடக்கும். ஆகவே நிலையைக் காட்டும் வரியை வாசித்து, ஸ்கிரீன் ஷொட் எடுத்து வையுங்கள். பதிவாவது ஏற்றத் தொடங்கிய நேரமல்ல, சமர்ப்பித்து முடிந்த நேரம். கையால் எழுதிய தாள்களைக் கமராவில் எடுத்து அப்படியே ஏற்றினால் கோப்பு அளவு எல்லையைத் தாண்டிவிடும். ஸ்கேன் செயலியில் கறுப்பு வெள்ளையாக்கி ஒரே பீடிஎஃப் ஆக்கினால் நன்றாகச் சுருங்கும். இறுதித் திகதிக்குப் பின்னும் குறிப்பிட்ட ஒரு மாணவருக்கு மட்டும் கால நீடிப்பு வழங்க மூடிலில் வசதி உண்டு. மின்வெட்டு, நோய் என்றால் அன்றைக்கே எழுதிக் கேளுங்கள்.

வினாத்தாளின்போது இணைப்பு அறுந்தால் பதறவேண்டாம். விடைகள் இடைக்கிடை தானாகச் சேமிக்கப்படும். வழக்கமான அமைப்பில் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை. மறுபடி உள்நுழைந்து அதே முயற்சியைத் தொடரலாம். ஆனால் கடிகாரம் நிற்காது. பார்வைக் குறைபாடோ கை இயக்கச் சிரமமோ உள்ளவருக்கு மேலதிக நேரத்தைத் தனியாகவே அமைக்கலாம். மற்றவர்களின் நேரம் மாறாது. இயலாமையுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவன அனுமதியில் இயலாமையைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது. இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்திய, இயலாமையுடையோரின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 24 ஆவது உறுப்புரை, உயர்கல்வியில் நியாயமான வசதிகளைச் செய்துகொடுக்க வேண்டும் என்கிறது. மருத்துவச் சான்றிதழோடு கோரிக்கையைப் பரீட்சைக்கு முன்பே கொடுங்கள்.

தமிழ் மொழிப் பொதியைத் தள நிர்வாகி நிறுவியிருந்தால், விருப்பத்தேர்வுகளில் மொழியை மாற்றலாம். மாறுவது பட்டியலும் பொத்தான்களும்தான். பாடம் அதே மொழியில் இருக்கும். தமிழ்ப் பாடக் கோப்புகளில் இன்னொரு சிக்கல். பாமினி என்ற பழைய, யுனிகோட் அல்லாத எழுத்துருவில் தயாரித்தவற்றில் சொல்லைத் தேட முடியாது, திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் திரைவாசிப்பான் பொருளற்ற ஒலிகளையே எழுப்பும். பார்வையற்ற மாணவருக்கு அது பாடமே இல்லாததற்குச் சமம். யுனிகோட் பிரதி கேளுங்கள். பழைய கோப்புகளை மாற்றித்தர இலவச எழுத்துரு மாற்றிகள் உள்ளன.

டேட்டா போதாதவர்கள் மூடில் கைத்தொலைபேசிச் செயலியில் பாடங்களை வைஃபை கிடைக்கும் இடத்தில் இறக்கிவைத்துப் படிக்கலாம். தளத்தில் கைத்தொலைபேசிச் சேவை இயக்கப்பட்டிருந்தால்தான் செயலி வேலைசெய்யும்.

எழுதியும் பதில் இல்லையென்றால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். அரச பல்கலைக்கழகங்களும், சட்டப்படி அங்கீகாரம் பெற்ற தனியார் உயர்கல்வி நிறுவனங்களும் இதற்குள் அடங்கும். கோரிக்கையைத் தமிழிலேயே எழுதலாம். "தளம் ஏன் மோசம்" என்று கேட்காதீர்கள். குறித்த நாளில், குறித்த மணியிலிருந்து தளம் இயங்காதிருந்த நேரப் பதிவின் பிரதி, ஒப்படை ஏற்பு பற்றிய விதிகளின் பிரதி என்று ஆவணமாகக் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள், மேன்முறையீட்டைக் கேட்க அதே நிறுவனத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். இதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால், புள்ளி தொடர்பான முறையீட்டைப் பாடநெறி இணைப்பாளரிடம் தனியாகக் கொடுத்துவிட்டே இதில் இறங்குங்கள்.